வீட்டிலேயே படிக்கட்டுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறையைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியபோது, என் பிள்ளைகள் இருவரும் சில ஆண்டுகள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படித்தவர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். கட்டுரையை விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: கடிதங்களில் பாதி, வீட்டுக்கல்வியையும் அரசு 2021இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தையும் ஒன்றாக எண்ணிக் கேட்டவை. அத்திட்டம் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் எடுக்கும் வகுப்பு. நாம் இங்கே பேசுவது பள்ளிக்கே அனுப்பாமல், ஹோம்ஸ்கூலிங் என்று பலரும் சொல்லும் முறையில், பெற்றோரே பொறுப்பேற்றுக் கற்பிப்பதைப் பற்றி.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. மெட்ரிக் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு படிக்கிறான். காலையில் வேன் சத்தம் கேட்டதும் வயிறு வலிக்கிறது என்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் வலிப்பதில்லை. ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராகப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு அவனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன். கணவருக்குச் சம்மதம். ஆனால் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அதிகாரிகள் வந்து வழக்குப் போடுவார்கள் என்று மாமியார் அஞ்சுகிறார். சட்டம் என்ன சொல்கிறது? (திருப்பூர்)

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. 2002இல் செய்யப்பட்ட 86ஆம் அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்த வந்த கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அக்கடமையைச் செய்யாத பெற்றோருக்கு அந்தச் சட்டம் எந்தத் தண்டனையையும் விதிக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி வந்தபோது, தாமாக விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்துகொண்ட பெற்றோருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012இல் மத்திய அரசின் தரப்பில் தெரிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த திருத்தம், பல்வகை மாற்றுத்திறனும் கடும் மாற்றுத்திறனும் உள்ள பிள்ளைகளுக்கு வீடுசார் கல்வியை உரிமையாகவே எழுதிவைத்தது. மற்றப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, வீட்டுக்கல்வியைச் சட்டம் தடுத்துத் தண்டிக்கவும் இல்லை, பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம்.

தண்டனை இருப்பது வேறிடத்தில். அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. எனவே, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருபது பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டணம் வாங்கிக்கொண்டு, இதுவும் ஹோம்ஸ்கூலிங்தான் என்று யாராவது அழைத்தால், அங்கீகார எண்ணைக் கேளுங்கள்.

அதிகாரிகள் வருவார்கள் என்பதும் உண்மைதான். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் வீடுவீடாக வருவது வழக்கம். எங்கள் திருச்சி வீட்டுக்கு ஒருவர் வந்தபோது, என் மகள் தராசை வைத்துக்கொண்டு புதுப்புளியைக் கால் கிலோவாக நிறுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். கொத்தடிமைக் குழந்தையைக் கண்டுபிடித்துவிட்டதைப் போல அவர் முகம் மாறியது. நான் அவருக்கு மோர் கொடுத்து, அவளுடைய நோட்டுகளை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு கிலோ புளியில் கொட்டையும் நாரும் போக எவ்வளவு நிற்கும் என்று அவள் போட்டிருந்த கணக்கை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, பள்ளியில் சேர்க்கும்படி அறிவுறுத்தப்பட்டது என்று தம் படிவத்தில் எழுதிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் செய்தது அவருடைய கடமை. அவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது என்பது நான் சொல்லும் முதல் புத்திமதி.

ஆனால் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சட்டம் அல்ல, வயிற்றுவலி. வேலையை விடுவதற்கு முன் அதன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளைக்கும், கழிப்பறையின் நாற்றத்துக்கு அஞ்சிக் காலையிலிருந்து சிறுநீரை அடக்கும் பிள்ளைக்கும், வேனில் பின்னிருக்கைப் பையனிடம் தினமும் குட்டு வாங்கும் பிள்ளைக்கும் வேன் சத்தம் கேட்டால் வயிறு வலிக்கத்தான் செய்யும். முதலாமவனுக்குக் கண்ணாடி போதும், மூன்றாமவனுக்கு வேனை மாற்றினால் போதும். குழந்தைகள் மருத்துவரிடம் ஒரு முறையும், பெற்றோர் கூட்டம் இல்லாத ஒரு நாளில் வகுப்பாசிரியரிடம் தனியாக ஒரு முறையும் பேசிவிட்டு முடிவெடுங்கள். அதற்குப் பிறகும் வீடுதான் என்றால், கல்வியாண்டின் இறுதியில் கட்டணப் பாக்கி இல்லாமல் மாற்றுச் சான்றிதழை வாங்கி, பள்ளிக் கல்வித் துறையின் பதிவேட்டில் அவனுக்குள்ள எமிஸ் எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். வேலையையும் உடனே விட வேண்டாம். இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவனோடு முழுப்பொழுதையும் கழித்துப் பார்த்தால், பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதைவிட, இருவரும் ஒரே கூரையின் கீழ் நாள் முழுவதும் இருக்க முடியுமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: ஏழு வயதும் பத்து வயதுமாக இரண்டு பிள்ளைகள். மென்பொருள் துறையில் இருக்கும் நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். நானும் மனைவியும் சேர்ந்து பேசி எடுத்த முடிவுதான். ஓராண்டாக வீட்டுக்கல்வி நடக்கிறது. பிள்ளைகள் நன்றாகவே கற்கிறார்கள். ஆனால் மனைவி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். போன வாரம், "எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றைக்கு?" என்று கேட்டார். என்னால் முடிந்த உதவிகளையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். எங்கே தவறு நடக்கிறது? (கோயம்புத்தூர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் தேவையாகத் தோன்றியது உங்களுடையதுதான். வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பாடத்திட்டத்தைக் கேட்கிறார்கள், தேர்வைக் கேட்கிறார்கள், நண்பர்கள் கிடைப்பார்களா என்று கேட்கிறார்கள்; பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டின் அடுப்படியில் யார் நிற்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை வீட்டுக்கல்வி நின்றுபோன குடும்பங்களில் பெரும்பாலானவை கணக்கிலோ ஆங்கிலத்திலோ தடுக்கி விழவில்லை. அந்தக் கேள்வியில்தான் விழுந்தன.

பள்ளி என்பது பிள்ளைகள் படிக்கும் இடம் மட்டுமல்ல. காலை எட்டரை மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை வீட்டில் அவர்கள் இல்லாத இடமும்கூட. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குக் காலையில் ஒரு முறை டப்பா கட்டினால் போதும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பதினொரு மணிக்குப் பசிக்கும், ஒரு மணிக்குப் பசிக்கும், மூன்றரைக்கு மறுபடியும் பசிக்கும். ஒவ்வொரு பசிக்கும் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஒரு கரண்டி கழுவ விழும். இதற்கு நடுவில் பின்னமும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டிங் நடக்கிறது, சத்தம் வேண்டாம் என்று ஒருவர் சைகை காட்டினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர்மீது கோபம் வரத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் ஆறாவது மாதத்தில் இது நடந்தது. நான் கணித ஆசிரியையாக இருந்த வேலையை விட்டிருந்தேன். கணவருக்கு வங்கி வேலை. ஒரு பிற்பகல் சமையலறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வேறொன்றும் செய்யவில்லை; சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "அம்மா, வகுக்கும்போது எந்தப் பின்னத்தைத் தலைகீழாக்க வேண்டும், முதலாவதையா இரண்டாவதையா?" என்று கதவுக்கு வெளியே என் மகள் கேட்டாள். பதினான்கு ஆண்டுகள் வகுப்பறையில் சலிக்காமல் பதில் சொன்ன கேள்வி அது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது.

அன்றிரவு நாங்கள் செய்ததை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் 'உதவி' என்ற சொல்லை வீட்டிலிருந்து எடுத்தோம். உங்கள் கடிதத்திலும் அது இருக்கிறது. ஒருவருடைய வேலையில் இன்னொருவர் கைகொடுப்பதற்குத்தான் உதவி என்று பெயர். நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவில் அது எப்படி அவருடைய வேலையாயிற்று? காலை ஆறு மணியிலிருந்து எட்டரை வரை பிள்ளைகள் முழுக்க என் கணவர் பொறுப்பாயினர். எழுப்புவது, கணக்குச் சொல்லிக்கொடுப்பது, காலைப் பலகாரம் செய்வது, அந்தப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பது என எல்லாமே அவரிடம் போயின. முதல் மாதம் இருபது நாள் உப்புமா சாப்பிட்டோம். செவ்வாயும் வெள்ளியும் மாலையில் நான் வெளியே போய்விடுவேன். எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது. பல நாள் காவிரிப் படித்துறையில் வெறுமனே உட்கார்ந்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

அடுத்ததாகப் பாட நேரத்தைக் குறைத்தோம். வகுப்பறையில் ஒரு பாடவேளையின் பெரும்பகுதி வருகைப் பதிவிலும், அமைதிப்படுத்துவதிலும், நாற்பது நோட்டுகளைத் திருத்துவதிலும் கழிந்துவிடும் என்பது ஆசிரியையாக இருந்த எனக்குத் தெரியும். ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு இந்த வயதில் இரண்டு, இரண்டரை மணிநேரப் பாடம் தாராளமாகப் போதும். எட்டுப் பாடவேளை அட்டவணையைச் சுவரில் ஒட்டி மணியடிக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதையே கூடத்தில் கட்டியெழுப்பிவிடுகிறார்கள்.

மிச்ச நேரத்தில் வீட்டு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பத்து வயதுக்காரருக்கு இட்லி மாவைக் கொடுங்கள். நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து என்பது உங்கள் வீட்டு அளவானால், அரிசி மூன்று டம்ளர்தான் இருக்கிறது என்று ஒரு நாள் சொல்லிப் பாருங்கள். முக்கால் டம்ளர் உளுந்து என்று பிள்ளை தானே கண்டுபிடித்து அளந்து எடுக்கும்போது, விகிதம் என்ற பாடம் முடிந்துவிட்டது. சித்திரையில் இரவோடு இரவாகப் பொங்கி வழியும் மாவு மார்கழியில் ஏன் அசையாமல் கிடக்கிறது என்ற கேள்வியிலிருந்து நுண்ணுயிரியல் தொடங்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின்கட்டணமும் அப்படித்தான். முதல் நூறு யூனிட் கட்டணமில்லை, அதற்கு மேல் படிப்படியாக விலை மாறும் என்பதை விளக்கிவிட்டு மீட்டர் அளவைப் பிள்ளையிடம் கொடுங்கள். கணக்குப் போட்ட பிறகு, அது தானாகவே போய் மின்விசிறியை அணைக்கும்.

கடைசியாகப் பணம். உங்கள் மனைவி வேலையை விட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. விட்டிருந்தால், சம்பளத்தோடு வருங்கால வைப்பு நிதியும், ஆண்டுக்கு ஆண்டு கூடியிருக்கும் ஊதிய உயர்வும் சேர்ந்தே போயிருக்கின்றன. அந்த இழப்பு குடும்பத்துடையது. அவர் ஒருவருடையதாக ஆகிவிடக் கூடாது. மாதந்தோறும் ஒரு தொகை அவர் பெயரிலேயே சேரட்டும். அஞ்சலகத்தில் பி.பி.எஃப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குத் தொடங்கினால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம், பதினைந்து ஆண்டில் முதிரும். இதைச் செய்வதற்கு மனமில்லாவிட்டால் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிடுவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அஞ்சல் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்னையில் இருக்கும் என் மகனும் மருமகளும் பேத்திகள் இருவரையும் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னைப் படிக்க வைக்க என் தந்தை பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. (கும்பகோணம்)

பதில்: ஐயா, உங்கள் பதற்றத்தைப் பழமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் வீட்டிலும் திண்ணையிலும்தானே படித்தார்கள், அதுதான் நம் மரபு என்று வீட்டுக்கல்விக்காரர்கள் சிலர் பெருமை பேசுவதுண்டு. எண்சுவடியும் ஆத்திசூடியும் மனப்பாடம் செய்ய வைத்த திண்ணைப் பள்ளிகள் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தத் திண்ணையில் யார் ஏறலாம், யார் தெருவிலேயே நிற்க வேண்டும் என்பது பிறப்பிலேயே முடிவானதும் உண்மை. அந்தப் பிள்ளைகளுக்காக ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டதும், 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கப்பட்டதும் நேற்றைய கதை. பள்ளிக்குள் நுழையவே போராடிய குடும்பத்தில், பள்ளி வேண்டாம் என்று அடுத்த தலைமுறை சொல்லும்போது பெரியவர்களுக்கு வலிக்கத்தான் செய்யும். என் மாமனாரும் என்னோடு எட்டு மாதம் சரியாகப் பேசவில்லை. இந்த வலியை உங்கள் மகனிடம் நீங்கள் கோபமாக இல்லாமல் கதையாகச் சொல்ல வேண்டும். பேத்திகளும் உடனிருந்து கேட்க வேண்டும். அவர்கள் எதை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பள்ளியில் நீங்களே ஓர் ஆசிரியராகிவிடுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடு முறையை உங்களைவிட யார் நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியும்? முதல் இலக்கம் மண்டலம், தமிழ்நாடு ஆறில் தொடங்கும், முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம், ஒன்பதில் தொடங்கினால் இராணுவ அஞ்சல் என்று தொடங்கினால், இந்திய வரைபடம் முழுவதும் உங்கள் பேத்திகளின் கைக்குள் வந்துவிடும். அஞ்சலட்டை இன்றும் ஐம்பது காசுதான். வாரம் ஒன்று நீங்கள் 600இல் தொடங்கும் முகவரிக்கு எழுதுங்கள். வாரம் ஒன்று அவர்கள் 612க்கு எழுதட்டும். அந்தச் சிறிய இடத்துக்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதைவிட நல்ல தமிழ்க் கட்டுரைப் பயிற்சியை நான் கண்டதில்லை.

நாலு பேர் கேட்டால், "நான்தான் பாடம் நடத்துகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் படிக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எப்படி எழுதுவது? (மதுரை, வேலூர் மற்றும் பலர்)

பதில்: மூன்று வழிகள் இருக்கின்றன. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில், அதாவது என்.ஐ.ஓ.எஸ். முறையில், பதினான்கு வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கும், பதினைந்து நிறைந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். குறைந்தது ஐந்து பாடங்கள்; ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு; பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்; அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. ஒரே நேரத்தில் எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டியதில்லை என்பதால் பெரும்பாலான குடும்பங்கள் இதையே தேர்கின்றன. என் மகனும் இப்படித்தான் எழுதினான்.

இரண்டாவது, நம் மாநிலத் தேர்வுத் துறையின் தனித்தேர்வர் முறை. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எட்டாம் வகுப்புத் தேர்வையும், அதில் தேறிப் பதினான்கரை வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்பையும் நேரடியாக எழுதலாம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவுசெய்து வகுப்புகளுக்குப் போக வேண்டும். இதைத் தவறவிட்டு ஓராண்டை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். மூன்றாவது, பத்தாம் வகுப்புக்கு இணையான கேம்பிரிட்ஜின் ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பன்னாட்டுத் தேர்வு. இதற்குப் பாடத்துக்குப் பாடம் கட்டணம் கட்ட வேண்டும், தொகையும் பெரிது.

மும்பையைச் சேர்ந்த ஒரு பெண் பத்தும் பன்னிரண்டும் எழுதாமலேயே 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தாரே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான். பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர முடியாத அவருக்கு, நம் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இடம் கொடுத்தது. ஆனால் அவர் கணினி நிரலாக்கத்தின் சர்வதேச ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கியவர். நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. மகள் ஏழு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது வயதுக்கு வந்துவிட்டாள். மகனை ஓசூரில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம். இவளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் தையலும் கற்றுக்கொள்வாளே என்று நினைக்கிறோம். (தருமபுரி மாவட்டம்)

பதில்: வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது வீட்டுக்கல்வியைப் பற்றி அல்ல. பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துவதைப் பற்றி. மகன் ஓசூர் விடுதியில் இருக்கிறான் என்ற வரியை எழுதும்போது உங்களுக்கே அது தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

அவள் இப்போது அரசுப் பள்ளியில் தொடர்வதால் என்னவெல்லாம் அவளுக்குச் சேரும் என்று பாருங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்தால், நீட் தேர்வில் தேறும்போது மருத்துவக் கல்லூரியில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டில் போட்டியிடலாம். இது 2020இல் வந்தது. அதே தகுதியோடு கல்லூரியில் சேர்ந்தால், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். வீட்டில் வைத்துத் தனித்தேர்வு எழுத வைத்தால் இவையிரண்டும் போய்விடும்.

தொலைவுக்குத்தான் வழி தேட வேண்டும். நடுநிலை வகுப்புகள் மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாத ஊர்களில் பிள்ளைகளுக்குப் போக்குவரத்தும் வழித்துணையும் ஏற்பாடு செய்ய வேண்டும். உங்கள் ஊரிலிருந்து அவளைப் போல எத்தனைப் பிள்ளைகள் போகிறார்கள் என்று பெயர்ப் பட்டியலோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனுக் கொடுங்கள். பெண்களுக்கான கஸ்தூரிபா காந்தி உண்டு உறைவிடப் பள்ளிகள் உங்கள் பகுதியிலேயே இருக்கின்றன. அங்கே இடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். தையலை அவள் சனிக்கிழமை கற்றுக்கொள்ளட்டும். உங்கள் மகனும் விடுமுறைக்கு வரும்போது பொத்தான் தைக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு வயது. மூன்று ஆண்டுகளாக வீட்டில் படிக்கிறேன். அம்மா நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் போல இருக்கிறது. எனக்காக அம்மா வேலையை விட்டவர். சொன்னால் வருத்தப்படுவார். நான் என்ன செய்வது? (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: கண்ணே, உன் அம்மா கொஞ்சம் வருத்தப்படத்தான் செய்வார். நானும் வருத்தப்பட்டேன்.

என் மகள் பதின்மூன்று வயதில் என்னிடம் வந்து, "அம்மா, கபடிக்கு ஒரு பக்கத்துக்கு ஏழு பேர் வேண்டும்" என்றாள். நான் கபடியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்து, தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதையே சொன்னபோதுதான் புரிந்தது. ஒரு நாள் முழுவதும் நான் சரியாகப் பேசவில்லை. அவளுடைய நோட்டுகளையெல்லாம் எடுத்து அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவளுக்கு என்னிடம் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் உட்கார ஆள்தான் வேண்டியிருந்தது என்று எனக்கு விளங்க இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. அவளுடைய தம்பி, தனக்கு வீடே போதும் என்று சொல்லிவிட்டான். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு விதம்.

நீ சுற்றிவளைக்காமல் சொல்லிவிடு. வாயால் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடு. இந்த மூன்று ஆண்டில் உனக்குப் பிடித்திருந்தவற்றை முதலில் எழுது. அவை பொய்யாக இருக்கக் கூடாது. பிறகு எதற்காகப் பள்ளிக்குப் போக ஆசைப்படுகிறாய் என்று எழுது. அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடு.

சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, இடையில் பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் அதன் வயதுக்கு உரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். உனக்கு அது ஏழாம் வகுப்பாக இருக்கும். விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி கேட்பதும் உன் உரிமை. என் மகளை அரசுப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பாடத்தில் அவளுக்குச் சிரமம் இல்லை. தண்ணீர் குடிக்கப் போவதற்கு எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் முதல் வாரம் முழுவதும் அவளுக்கு விளங்கவே இல்லை.

சீருடைத் துணி எடுத்து, அளவு கொடுத்து, தைத்து வாங்கப் பத்து நாளாவது ஆகும். ஜூன் மாதம் தையற்கடைகளில் கூட்டம் அதிகம். ஆகவே மே மாதமே சொல்லிவிடு.